பாயிண்ட் வைத்த புல்லட்டுக்கு டைமிங்: ஸ்க்ரூவைத் தொடும் முன்னும் பின்னும்

வண்டி: ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. 12 வோல்ட் பேட்டரி, ஒற்றைக் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), ஒற்றைப் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி எழச் செய்யும் தொடுமுனை), தானாக அட்வான்ஸ் ஆகும் (வேகம் கூடும்போது பொறி முன்னதாக வரும்) வகை. புகார்: ஏழெட்டு மிதி மிதித்தால்தான் பிடிக்கிறது, பிடித்த பிறகு ஏற்றத்தில் இழுவை இல்லை, திராட்டிலை மூடினால் சைலன்சரில் பட்டாசு. டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) போய்விட்டது என்ற தீர்ப்போடுதான் வண்டி வந்தது. டைமிங் போயிருந்தது உண்மைதான். ஆனால் பாதிக் குற்றம் அதன் மேல் இல்லை.

சிங்கப்பூரில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவான வண்டி ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். மிச்ச நாளெல்லாம் புளோக் கார்பார்க்கில் போர்வைக்குள் தூக்கம். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும் ஊர் இது. மூன்று வாரம் சும்மா நின்றால் போதும், பாயிண்டின் டங்ஸ்டன் முகத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஏறிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். மின்சாரத்துக்கு அது ஒரு மூடிய கதவு. தினம் ஓடும் வண்டியில் ஒவ்வொரு பொறியும் அந்தப் படலத்தை எரித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிற்கிற வண்டியில் யார் தள்ளுவது?

ஆகவே வேலை டைமிங்கில் தொடங்கவில்லை, ஒரு மல்டிமீட்டரில் தொடங்கியது.

மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பாயிண்டுக்கு வரும் ஒயரின் திருகில், கறுப்பு முனை எஞ்சினின் வெறும் உலோகத்தில். பின் சக்கரத்தைத் திருப்பிப் பாயிண்ட் மூடியிருக்கும் இடத்தில் நிறுத்திச் சாவியைப் போடுங்கள். நல்ல பாயிண்டில் 0.1, அதிகம் போனால் 0.2 வோல்ட் காட்ட வேண்டும். இந்த வண்டியில் 2.6 காட்டியது. சின்ன எண்ணாகத் தோன்றலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். காயிலின் பிரைமரி (பேட்டரி பக்கச் சுற்று) சுமார் 4 ஓம். 12 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் 3 ஆம்பியர் ஓடும். 2.6 வோல்ட்டைப் பாயிண்டே விழுங்கிவிட்டால் மிச்சம் 9.4; ஓடுவது 2.35 ஆம்பியர். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் பொறியின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பிளக்கைப் பார்ப்பதற்கு முன்பே காணாமல் போகிறது. இதைச் சரிசெய்யாமல், பாயிண்ட் பொருத்தியிருக்கும் டைமிங் பிளேட்டைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

மீட்டர் பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை விட்டுவைத்தால் அந்த 3 ஆம்பியரும் காயிலைச் சும்மா சூடேற்றும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் காயில் கையைச் சுடும்.

அளவு அதிகமாக வந்தால் உடனே பாயிண்டைப் பழி சொல்லவும் வேண்டாம். கறுப்பு முனையைப் பாயிண்ட் பிளேட்டின் மேல் வைத்து இன்னொரு முறை பாருங்கள். எஞ்சினில் வைத்தபோது 2.6, பிளேட்டில் வைத்தால் 0.2 என்றால் கோளாறு பிளேட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில். புதுசாகப் பவுடர் கோட்டிங் போட்ட வண்டிகளில் இது சகஜம். பெயின்ட் பார்க்க அழகாக இருக்கும், எர்த் மட்டும் இருக்காது. இந்த வண்டியில் இரண்டு இடத்திலும் 2.6தான் வந்தது. ஆக, குற்றவாளி பாயிண்டின் முகமே.

முகத்தைத் தேய்க்கப் பாயிண்ட் ஃபைல் என்று மெல்லிய அரம் கிடைக்கும். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் துகள் டங்ஸ்டனில் பதிந்துகொண்டு புதுத் தொல்லையாகும். அரத்தை இரண்டு முகத்துக்கும் நடுவில் விட்டு, ஸ்பிரிங்கின் அழுத்தத்திலேயே நாலைந்து இழுப்பு இழுத்தால் போதும். பளபளப்பாக்குவது நோக்கம் இல்லை. ஒரு முகத்தில் குன்றும் எதிர்முகத்தில் குழியும் ஆழமாக இருந்தால் தேய்த்து மாளாது, புதுப் பாயிண்ட் போட்டுவிடுங்கள். தேய்த்ததும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை இடையில் விட்டு, பாயிண்டை மூடி, மெல்ல இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாதவரை புதுத் துண்டு, புதுத் துண்டாக. பஞ்சு வேண்டாம், நார் ஒட்டும். தேய்த்துத் துடைத்தபின் இங்கே 0.08 வோல்ட் வந்தது. டைமிங்கைத் தொடாமலே மூன்றாவது மிதியில் வண்டி பிடித்தது.

புதுப் பாயிண்ட் போடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பெட்டியிலிருந்து எடுத்த பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். துடைக்காமல் போட்டால் புதுசே பழசுபோல நடக்கும். அடுத்து ஃபைபர் வாஷர்கள். ஒயர் முனையும் பாயிண்டின் ஸ்பிரிங்கும் பிளேட்டைத் தொடவே கூடாது. வாஷர்களின் வரிசை ஒன்று மாறினாலும் பாயிண்ட் நிரந்தரமாக எர்த் ஆகி, பிளக்கில் பொறி அடியோடு நின்றுவிடும். கழற்றும்போதே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டியபின் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பாயிண்டைத் திறந்து, முனைக்கும் பிளேட்டுக்கும் இடையே மீட்டரில் ஓம் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது.

அடுத்தது கேப், அதாவது பாயிண்ட் முழுசாகத் திறக்கும்போது இரண்டு முகத்துக்கும் இடையிலான தூரம். டைமிங்குக்கு முன் கேப். இந்த வரிசையை மாற்றவே கூடாது. பாயிண்டின் குதிகால் (நகரும் கையின் உரசும் பகுதி) கேமின் (சுற்றும்போது அதைத் தூக்கித் திறக்கும் மேடு) மேல் உரசிக்கொண்டு ஓடுகிறது. கேப்பைக் கூட்டினால் குதிகால் கேமை நெருங்குகிறது, அதனால் கேம் முன்னதாகவே அதைத் தூக்குகிறது. டைமிங் அட்வான்ஸ் ஆகிறது. கேப்பைக் குறைத்தால் ரிட்டார்ட், அதாவது பொறி தாமதம். முதலில் டைமிங் வைத்துவிட்டுப் பிறகு கேப்பைத் தொட்டால் வைத்த டைமிங் கலைந்துவிடும்.

புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பின் சக்கரத்தைத் திருப்பி, பாயிண்ட் அதிகபட்சமாகத் திறக்கும் இடத்தைப் பிடியுங்கள். கேமின் உச்சியில்தான் அளக்க வேண்டும். ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.35 தகடு தாராளமாகப் போக வேண்டும், 0.40 தகடு இரண்டு பக்கமும் உரசிப் போக வேண்டும். திருகை இறுக்கும்போது கேப் நகரும், எப்போதும் நகரும். இறுக்கியபின் மறுபடி அளக்காதது அளக்காததற்குச் சமம். இன்னொன்று, ஃபீலர் கேஜ் தகடுகள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வருகின்றன. அந்தத் தகட்டைச் சுத்தமான பாயிண்டுக்குள் விட்டால் இத்தனை நேரம் துடைத்தது வீண். தகட்டைத் துடைத்துவிட்டு விடுங்கள். அளந்து முடித்ததும் வெள்ளைத் தாளை இன்னொரு முறை இழுத்துவிடுங்கள்.

குன்றும் குழியுமான பாயிண்டில் கேஜ் பொய் சொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தகடு குன்றின் உச்சியில் உட்கார்ந்து அளக்கும். உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிது.

இந்த வண்டியில் கேப் 0.25தான் இருந்தது. குதிகால் தேய்ந்து வந்த குறைவு அது. குதிகாலில் எண்ணெய்ப்பசை வறண்டால் இப்படித்தான் ஆகும். கேமை நனைக்கும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய், கேமின் மேல் தீக்குச்சித் தலையளவு கிரீஸ், அவ்வளவே. கிரீஸ் சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும். நம் வெயிலில் எஞ்சின் சூடும் சேரும்போது சாதாரண கிரீஸ் உருகிப் பாயிண்டின் முகத்துக்கே வந்து சேரும். கேப்பை 0.38க்குக் கொண்டுவந்தாயிற்று.

இனி டைமிங். அளவு கையேட்டில் இருப்பது: முழு ரிட்டார்டில் (தானியங்கி அட்வான்ஸ் வேலை செய்யாமல் ஓய்ந்த நிலையில்), பிஸ்டன் டாப்புக்கு (அதன் உச்ச நிலைக்கு) 0.8 மில்லிமீட்டர் முன்னால் வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பழைய ஆங்கிலக் கணக்கில் ஓர் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு. கைப்பிடியில் அட்வான்ஸ் நெம்புகோல் உள்ள மேக்னீட்டோ மாடல்களுக்கு இந்த எண் செல்லாது. அவற்றை முழு அட்வான்ஸில் வைத்து, அவற்றுக்கே உரிய பெரிய அளவில் வைக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கிக்கர் திருப்பி உதைத்துக் கணுக்காலுக்கு ஆபத்து.

0.8 மில்லிமீட்டர் எவ்வளவு சின்ன தூரம் என்பதை உணர வேண்டும். ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர் உள்ள இந்த எஞ்சினில் அது கிராங்கின் கோணத்தில் சுமார் 9.5 டிகிரி. பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரையோ பென்சிலையோ விட்டு, மேலே வந்து நிற்பதை டாப் என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து 0.8 கீழே இறக்குவதுதான் பலரும் செய்வது. டாப்புக்கு அருகில் பிஸ்டன் ஏறக்குறைய அசைவதே இல்லை. இரண்டு பக்கமும் 3 டிகிரி தள்ளினால்கூட அது இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பென்சிலுக்கு அது தெரியாது. போதாக்குறைக்குப் புல்லட்டின் பிளக் ஓட்டை சாய்ந்து இருக்கிறது. நேராக நிற்காத குச்சி காட்டும் மில்லிமீட்டர் பிஸ்டனின் மில்லிமீட்டர் அல்ல. குச்சி இடையில் மாட்டி வளைந்தால் அதுவும் ஒரு வேலை.

அதனால் டிகிரி டிஸ்க், அதாவது விளிம்பில் டிகிரி குறித்த வட்டத் தட்டு. இடப்பக்கம் ஃபுட்ரெஸ்ட்டையும் அங்கே பிரேக் பெடல் இருந்தால் அதையும் கழற்றி, பிரைமரி கவரின் நடு நட்டை அவிழ்த்தால் கவர் முழுசாக வந்துவிடும். புல்லட்டில் இந்த ஒரே நட் பெரிய நிம்மதி. உள்ளே எண்ணெய் இருக்கிறது, கவரை இழுக்கும் முன் அகலத் தட்டு ஒன்றைக் கீழே வையுங்கள். கார்பார்க் தரையில் எண்ணெய்க் கறை விட்டுவிட்டு வருவது நம் எல்லோருக்கும் கெட்ட பெயர். கிராங்க் முனையில் டிஸ்க்கை இறுக்கி, ஏதாவது ஸ்டட்டின் அடியில் கம்பித் துண்டு ஒன்றை வளைத்து வைத்து முள்ளாக்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கை மெல்லிய அட்டையில் அச்சிட்டும் வெட்டிக்கொள்ளலாம், பெரிதாக இருந்தால் நல்லது. 20 சென்டிமீட்டர் அகல டிஸ்க்கில் ஒரு டிகிரி 1.7 மில்லிமீட்டர் வரும், கண்ணாடி போட்டவருக்கும் தெரியும்.

டாப்பைக் கண்டுபிடிக்கப் பிஸ்டனை நிறுத்தும் முட்டு ஒன்று தேவை. பழைய 14 மில்லிமீட்டர் பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே மரை போட்டு, முனை உருட்டிய போல்ட்டை இறக்கினால் அதுவே முட்டு. வண்டியை டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புங்கள். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்காக இருக்க வேண்டும். அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது. எக்சாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் வால்வுகள் திறந்திருக்கும். நீட்டிய போல்ட் வால்வைத் தொட வாய்ப்பு உண்டு. முட்டைப் பொருத்தும் முன்பே பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துத் திருப்பிப் பாருங்கள், காற்று விரலைத் தள்ளும் ஸ்ட்ரோக்தான் நமக்கு வேண்டியது. கிக்கரைத் தொடவே வேண்டாம்.

பிஸ்டன் முட்டில் வந்து நிற்கும் இடத்தை டிஸ்க்கில் குறியுங்கள். எதிர்த்திசையில் திருப்பி மறுபக்கம் நிற்கும் இடத்தையும் குறியுங்கள். நிஜ டாப் இரண்டுக்கும் சரிநடுவில். இந்த வண்டியில் ஒரு பக்கம் 38, மறுபக்கம் 46 வந்தது. டிஸ்க்கை 4 டிகிரி நகர்த்தியதும் இரண்டு பக்கமும் 42. முதலில் கண்ணால் பார்த்து வைத்த டாப் 4 டிகிரி தப்பு. பென்சிலை நம்பியிருந்தால் அந்த 4 டிகிரியும் டைமிங்கில் ஏறியிருக்கும்.

முட்டைக் கழற்றிவிடுங்கள். மறந்துவிட்டுக் கிக்கரை மிதித்தவர்களும் இருக்கிறார்கள்.

பாயிண்ட் திறக்கும் கணத்தைக் காட்ட ஒரு பல்பு போதும். 12 வோல்ட், 3 வாட் பல்பும் இரண்டு முதலைக் கிளிப்பும் சிம் லிம் டவரில் காபிக் காசுக்குக் கிடைக்கும். ஒரு கிளிப் பாயிண்டின் ஒயர் திருகில், இன்னொன்று எஞ்சினில். சாவியைப் போட்டால் பாயிண்ட் மூடியிருக்கும்வரை மின்சாரம் பாயிண்ட் வழியாகவே எர்த்துக்குப் போகும், பல்பு இருட்டு. பாயிண்ட் திறந்த கணத்தில் வேறு வழியில்லாமல் பல்புக்குள் ஓடும், பல்பு எரியும். சிகரெட் தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்ப்பதும் பழைய முறைதான். ஆனால் தாளுக்கும் கொஞ்சம் தடிமன் உண்டு, இழுக்கும் கை ஆளுக்கு ஆள் மாறும். மல்டிமீட்டரின் பீப் ஒலியைவிடவும் பல்பு மேல். மலிவான மீட்டர்களில் பீப் ஒரு நொடியின் பின்னம் தாமதித்து வரும், அதற்குள் சக்கரம் தாண்டிவிடும்.

எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே நெருங்குங்கள். இடப்பக்கம் நின்று பார்த்தால் கிராங்க் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிராங்கிலிருந்து பாயிண்ட் கேமுக்குப் பல்சக்கரங்கள் வழியாக இயக்கம் போகிறது, பல்லுக்குப் பல் கொஞ்சம் தளர்வு இருக்கும். குறியைத் தாண்டிவிட்டால் ஒன்றிரண்டு டிகிரி பின்னால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. 30, 40 டிகிரி பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வர வேண்டும். ஒரே டைமிங்கை இரண்டு பேர் அளந்து இரண்டு விடை சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேப் 0.25 இருந்தபோது பல்பு எரிந்தது டாப்புக்கு 5 டிகிரி முன்னால். கேப்பை 0.38 ஆக்கியபின் 8.5. பிளேட்டை ஒரு மயிரிழைகூடத் திருப்பாமல் கேப் மட்டுமே மூன்றரை டிகிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மிச்சம் ஒரு டிகிரி.

பிளேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் பிளேட் இறுக்கமாக நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். கேம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் பிளேட்டைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட். எது எந்தத் திசை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், சக்கரத்தைத் திருப்பிக் கேமைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அதனால் பிளேட்டில் அரை டிகிரி கிராங்கில் ஒரு டிகிரி. பிளேட்டின் விளிம்பில் அது கால் மில்லிமீட்டர்தான். விரலால் தள்ளினால் தாண்டிவிடும்; ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டுவது சுலபம். தட்டும் முன் பழைய இடத்தை ஊசியால் பிளேட்டிலும் உடலிலும் ஒரே கோடாகக் கீறிவைத்தால் எப்போதும் திரும்பி வர வழி இருக்கும்.

மூன்றாவது தட்டில் 9.5 வந்தது. ஸ்க்ரூவை இறுக்கியதும் 10 ஆனது. மறுபடி தளர்த்தி, 9இல் வைத்து இறுக்க, 9.5இல் நின்றது. இறுகும்போது எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் அதையே கணக்கில் வைத்து வேலை செய்யலாம். மூன்று முறை தொடர்ந்து அளந்து மூன்றும் அரை டிகிரிக்குள் வந்தால்தான் முடிந்தது என்று பொருள். முறைக்கு முறை எண் தாவினால் கேம் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடும் தண்டில் கேப்பே சுற்றுக்குச் சுற்று மாறும். அங்கே டைமிங் வைப்பது தண்ணீரில் கோடு போடுவது.

இத்தனையும் முழு ரிட்டார்டில் வைத்த கணக்கு. அட்வான்ஸ் செய்யும் எடைக்கற்களும் ஸ்பிரிங்குகளும் ஒழுங்காக இருந்தால்தான் இதற்கு அர்த்தம். கேமை விரலால் பிடித்து அது சுற்றும் திசையில் திருகி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் துள்ளிவர வேண்டும். சோம்பலாக வந்தாலோ பாதி வழியில் நின்றாலோ துரு, இல்லையேல் காய்ந்த கிரீஸ். நின்றே கிடக்கும் வண்டிகளில் இதையும் ஈரம்தான் செய்கிறது. அட்வான்ஸில் மாட்டிக்கொண்ட கேமை வைத்து 9.5 வைத்தால் பிறகு அது விடுபடும்போது டைமிங் டாப்பையும் தாண்டிப் பின்னால் போய்விடும். ரிட்டார்டில் சரியாக வைத்தபின் அட்வான்ஸில் மாட்டிக்கொண்டால் ஸ்டார்ட் செய்யும்போது கிக்கர் திருப்பி உதைக்கும். புல்லட்டின் உதை விளையாட்டல்ல.

ஸ்ட்ரோப் லைட் (ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும் விளக்கு) வைத்துப் பார்க்க வேண்டாமா என்ற கேள்வி எப்போதும் வரும். புல்லட்டில் டிஸ்க்கைப் பார்க்க வேண்டுமானால் பிரைமரி கவரைத் திறந்து, எண்ணெய் இல்லாமல், செயின் கண்முன் சுழல எஞ்சினை ஓட்ட வேண்டும். அது தேவையில்லை. கேம் கையில் துள்ளி வருகிறது, பல்பு மூன்று முறையும் ஒரே இடத்தில் எரிகிறது என்றால் இந்த எஞ்சினுக்கு அதுவே போதும். ஹோண்டா இரட்டைச் சிலிண்டர்களில், ரோட்டரில் குறிகள் வெளியே தெரிவதால், ஸ்ட்ரோப் நல்ல கருவி. அங்கே 6 வோல்ட் வண்டியாக இருந்தால் லைட்டுக்குத் தனியாக 12 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்டென்சர் (பாயிண்டிலேயே பொறி தெறிக்காமல் காக்கும் உறுப்பு) பற்றி ஒரு வார்த்தை. பாயிண்ட் திறக்கும்போது நீலப் பொறி தடிமனாகப் பாயிண்டிலேயே தெறித்தால், முகம் சில நூறு கிலோமீட்டரில் கருகினால், கண்டென்சரைச் சந்தேகியுங்கள். இந்த வகைக் காயிலுக்குப் பொதுவாக 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, இருபது நிமிடம் ஓடியபின் படுத்துக்கொண்டு, ஆறியதும் மறுபடி பிடித்தால் அது பெரும்பாலும் கண்டென்சரின் குணம். டைமிங் சூட்டில் அப்படி மாறாது. எஞ்சின் சூட்டிலிருந்து தப்பிக்க அதைப் பாயிண்ட் பெட்டியிலிருந்து எடுத்து, டேங்க்கின் அடியில் காயிலின் பக்கத்தில் மாட்டுவது நல்ல மாற்றம். ஒயர் இணைப்பும் உடலின் எர்த்தும் சுத்தமாக இருந்தால் சரி. புதுசு என்று வாங்கிய கண்டென்சர் பல வருடம் அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம். பழசு நன்றாக வேலை செய்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்க மவுண்ட் ஃபேபர் ஏற்றம் நல்ல இடம். எஞ்சின் நன்றாகச் சூடானபின், மூன்றாம் கியரில், குறைந்த வேகத்திலிருந்து திராட்டிலைக் கணிசமாகத் திறங்கள். கிணிகிணி என்று சில்லறை குலுங்கும் சத்தம் கேட்டால் அட்வான்ஸ் அதிகம்; ஒரு டிகிரி குறையுங்கள், ஒரே ஒரு டிகிரி. சத்தமே இல்லாமல் மந்தமாக இழுத்து, இறங்கியபின் எக்சாஸ்ட் பைப்பின் கழுத்து நீலம் பாய்ந்திருந்தால் ரிட்டார்ட் பக்கம் பாருங்கள். கலவை மெலிந்திருந்தாலும் கழுத்து நீலமாகும். ஆகவே பிளக்கின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சத்தத்தை அடக்க 98 பெட்ரோல் ஊற்றுவது வைத்தியம் ஆகாது. 6.5:1 கம்ப்ரஷன் உள்ள எஞ்சினுக்கு 92 போதும். அதிலேயே கிணுகிணுத்தால் டைமிங்கோ உள்ளே படிந்த கரியோதான் காரணம். இந்த வண்டி 9.5இல் ஏற்றத்தில் சத்தமில்லாமல் ஏறியது, சைலன்சர் பட்டாசும் நின்றது.

இதே வேலையை ஹோண்டா கப்பில் செய்ய நினைப்பவர்களுக்குப் பாதை வேறு. 6 வோல்ட் சி70 போன்ற கப்சாய்களில் (கப் வகைச் சிறு வண்டிகளில்) பாயிண்ட் ஃப்ளைவீலுக்குள் (கிராங்க் முனையில் உள்ள காந்தச் சக்கரத்துக்குள்) ஒளிந்திருக்கிறது, பேட்டரிக்கும் பொறிக்கும் சம்பந்தமில்லை. பொறிக்கான மின்சாரம் ஃப்ளைவீலுக்குள் இருக்கும் சுருளிலிருந்து வருகிறது, அந்தச் சுருள் பாயிண்டுக்குக் குறுக்கே எர்த்துக்கு இணைந்திருக்கிறது. ஆகவே புல்லட்டில் செய்ததுபோலச் சாவியைப் போட்டுப் பல்பைக் கோத்தால் எதுவும் நடக்காது. ஓம் மீட்டர் வைத்தாலோ பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் தொடர்பு இருப்பதாகவே காட்டும், ஏனென்றால் சுருளின் எதிர்ப்பு அவ்வளவு குறைவு. பாயிண்ட் போய்விட்டது என்று பலர் தவறாகப் புதுசு வாங்குவது இங்கேதான். சுருளிலிருந்து பாயிண்டுக்கு வரும் ஒயரைத் தற்காலிகமாகப் பிரித்துவிட்டு, பாயிண்டை மட்டும் தனியாக ஒரு பேட்டரியும் பல்பும் கோத்துப் பாருங்கள். இந்த இணைப்பில் மூடியிருக்கும்போது எரியும், திறக்கும்போது அணையும். புல்லட்டுக்கு நேர் எதிர்.

குறி ஏற்கெனவே இருக்கிறது: ஃப்ளைவீலின் விளிம்பில் எஃப் என்ற எழுத்தின் பக்கத்துக் கோடு எஞ்சின் உடலின் குறிக்கு நேராக வரும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். டி என்பது டாப். இடப்பக்கமிருந்து பார்த்தால் ஃப்ளைவீலும் இடஞ்சுழியாகத்தான் சுற்றுகிறது. எஃப் முதலில் வரும், டி அடுத்து. கேப் 0.3 முதல் 0.4. ஸ்டேட்டர் பிளேட்டைத் திருப்ப வழியில்லாத எஞ்சின்களில் கேப்பை இந்த எல்லைக்குள் கூட்டிக் குறைப்பதுதான் டைமிங் சரிசெய்யும் ஒரே வழி. 0.4 வரை கூட்டியும் எஃப் தாண்டியபிறகே திறக்கிறது என்றால் குதிகால் முழுசாகத் தேய்ந்திருக்கிறது, புதுப் பாயிண்ட் போடுங்கள். புதுசு போட்டும் வரவில்லையா? ஃப்ளைவீலைக் கழற்றி, கிராங்கின் சாவித்துண்டு (ஃப்ளைவீலை இடம் மாறாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழற்ற அந்த மாடலுக்கான புல்லர் மட்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் விட்டுப்போகும், கிராங்க் முனை மரையும் நசுங்கும். பிந்தைய 12 வோல்ட் கப்களில் சி.டி.ஐ. (பாயிண்ட் இல்லாத மின்னணுப் பொறி அமைப்பு) இருப்பதால் தேடினாலும் பாயிண்ட் கிடைக்காது.

புல்லட்டுக்கே திரும்பினால், புதுப் பாயிண்டின் குதிகால் முதல் 300 கிலோமீட்டரில் வேகமாகப் பதியும். அந்தத் தூரத்தில் ஒருமுறை கேப்பை அளந்து, பல்பையும் மாட்டிப் பாருங்கள். வருடத்தில் 45 நாள் மட்டுமே ஓடும் வண்டியில் தூரம் ஏறாது, ஆனால் ஈரம் ஏறும். போர்வையை எடுக்கும் காலையில் பிளக்கைக் கழற்றும் முன், பாயிண்ட் கவரைத் திறந்து வெள்ளைத் தாளை ஓர் இழுப்பு இழுங்கள், மீட்டரில் 0.2க்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கவரை மூடிவிட்டுக் கிக்கரை மிதிக்கலாம்.